ஒன்பதாவது ஆள்

இரண்டாவது லிஃப்டில் யாருமே இல்லை. ஆனால் பெட்டிக்குள் ஆறு கிலோ எடை இருப்பதாகத் திரை காட்டியது.

லிஃப்ட் மெக்கானிக் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்டும் ஒரு வகையில் தராசுதான். அதன் தரை இரும்புச் சட்டத்தில் நேராக உட்காருவதில்லை; ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆள் கால் வைத்தால் ரப்பர் ஒரு மயிரிழை அமுங்கும். அந்த அமுக்கத்தை அடியிலிருக்கும் கருவி கிலோவாக மாற்றி, மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்கு அனுப்பும். ரப்பரில் எண்ணெய் ஊறியிருக்கலாம், இடுக்கில் கல் ஏதாவது சிக்கியிருக்கலாம். அவன் பெட்டிக்கு அடியில் இறங்கித் துடைத்தான். திரையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். கையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடியும் ஆறு.

தன் கருவிப்பையை உள்ளே வைத்தான். பதினைந்து கிலோ பைக்கு இருபத்தொன்று காட்டியது. வாசலில் இருந்த காவலாளியைக் கூப்பிட்டு ஏற்றிப் பார்த்தான். அவருக்கும் ஆறு கூடுதல்.

“ஆறு கிலோ ஏறிட்டேனா? வீட்ல சொல்லிடாதீங்க, ராத்திரி சாப்பாட்டக் கட் பண்ணிடுவா” என்று சிரித்துக்கொண்டே அவர் இறங்கிப் போனார்.

கடைசியில் அவனே ஏறினான். அறுபத்தெட்டு.

அதுதான் அவன் எடை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லிஃப்ட் செய்கிறவர்கள் ஓர் ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். அவன் சரியாக அந்த எடை என்பதால், “கம்பெனி எடைக்கல்லு மாதிரி ஆளுய்யா நீ” என்று மச்சான் அடிக்கடி கேலி செய்வார்.

அவன் இறங்கினான். ஆறு. ஏறினான். அறுபத்தெட்டு.

பழுதான கருவிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எல்லாருக்கும் ஆறு கூட்டினால் ஒரு திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். ஆனால் இது காலியாக இருந்தால் தப்புச் சொன்னது, பைக்குத் தப்புச் சொன்னது, காவலாளிக்குத் தப்புச் சொன்னது. அவன் ஒருவனுக்கு மட்டும் சரியாகச் சொன்னது. அப்படி ஒரு பழுதை அவன் கேள்விப்பட்டதே இல்லை. பெட்டிக்குள் தூசும் பழைய கிரீஸும் கலந்த வாடை. பின்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதில் தன் முகத்தைப் பார்த்தபோது அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. டியூப் லைட் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அந்த லிஃப்டில் அதைவிடப் பெரிய கவலை ஒன்று ஏற்கெனவே இருந்தது. பிரேக். லிஃப்ட் ஓடும்போது அதைத் தாங்குவது மோட்டார். நின்றபிறகு தாங்குவது பிரேக். சக்கரத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் அந்தக் கட்டைகளின் தோல், அதை லைனிங் என்பார்கள், இரும்பு தெரியுமளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. பெட்டி ஒவ்வொரு மாடியிலும் நின்ற பிறகு, தூக்கம் வந்தவன் தலைபோல ஒரு விரல் நகர்ந்து நின்றது.

லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி மச்சானுடையது. அவன் மனைவியின் அண்ணன். அவனுக்கு இந்த வேலையைக் கொடுத்தவரும் அவர்தான், குடியிருக்கும் வீட்டைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

“லைனிங் சுத்தமா போயிடுச்சு மச்சான்.”

“தெரியும் மாப்ள. கட்டட மேனேஜர் அடுத்த வருஷம் பாக்கலாம்ங்கறாரு. நாம சத்தம் போட்டா ஒப்பந்தமே போயிடும். நீ பாட்டுக்கு வாயத் திறந்துடாத.”

அவன் திறக்கவில்லை. மச்சான் முன்னால் அவனுக்கு என்றைக்குமே வாய் திறந்ததில்லை. ஆனால் அதே கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருக்கும் பல் மருத்துவமனையில்தான் அவன் மனைவி வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். தினமும் அந்த லிஃப்டில்தான் ஏறி இறங்கினாள்.

அந்தக் கட்டடத்துக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, செல்போனில் ஒரு பக்கம் இருந்தது. அதில் சொந்தப் பெயரிலும் எழுதலாம். பெயரை மறைத்து வேறொரு பெயர் வைத்தும் எழுதலாம். லிஃப்டில் ‘எட்டு பேர் மட்டும்’ என்று தகடு அடித்திருப்பதை நினைத்து அவன் தனக்கு ‘ஒன்பதாவது ஆள்’ என்று பெயர் வைத்துக்கொண்டான். திரை முதன்முதலாக ஆறு கிலோ காட்டியதற்கு முந்தின ராத்திரிதான் அது. இரண்டாவது லிஃப்டின் பிரேக் தேய்ந்துவிட்டது, மேனேஜருக்கும் அது தெரியும் என்று எழுதினான்.

‘தைரியம் இருந்தா பேரைச் சொல்லு’ என்றார் ஒருவர். ‘வேற கம்பெனிக்காரன் பண்ற வேலை’ என்றார் இன்னொருவர். ‘மூஞ்சி இல்லாதவன் பேச்சுக்கு என்ன எடை இருக்கு?’ என்று ஒருவர் எழுதியதுதான் அவனை உறுத்தியது.

அதனால் பொறுமையாக விளக்க ஆரம்பித்தான். விளக்குவது அவனுக்குப் பிடிக்கும். கேட்கத்தான் இதுவரை ஆள் இருந்ததில்லை. ‘லிஃப்டை மோட்டார் தூக்குவதாக நினைக்கிறோம். இல்லை. கம்பிவடத்தின் ஒரு முனையில் பெட்டி, மறுமுனையில் எதிர் எடை. காலிப் பெட்டியும் நாலு ஆளும் சேர்ந்தால் என்ன கனமோ, அதுதான் எதிர் எடையின் கனம். ஆள் குறைந்தால் பெட்டி மேலே போகப் பார்க்கும், கூடினால் கீழே. சரியாக நாலு பேர் இருந்தால் தராசு சமம். பிரேக்கே இல்லாவிட்டாலும் நகராது.’

அது எல்லாருக்கும் பிடித்துப்போனது. விருப்பங்கள் குவிந்தன. தண்ணீர்த் தொட்டி பற்றிக் கேட்டார்கள், வண்டி நிறுத்தும் இடம் பற்றிக் கேட்டார்கள். ஒன்பதாவது ஆள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவன் தயங்கும் இடத்தில் அவர் தயங்கவில்லை. கட்டடத்தில் பாதிப் பேர் இரண்டாவது லிஃப்டை விட்டுவிட்டுப் படி ஏற ஆரம்பித்தார்கள். அவன் மனைவியும்தான்.

“ஒன்பதாவது ஆள் எழுதினதப் படிச்சீங்களா?” என்றாள் அவள், வீங்கிய காலை நீட்டிக்கொண்டு. “மனுஷன்னா அப்படி இருக்கணும். நீங்களும் இருக்கீங்களே, எங்கண்ணனப் பாத்தா தொண்டையே அடைச்சுக்குது.”

“அது நான்தான்.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, உள்ள இருக்கறது உதைக்குது.”

மறுநாள் காலிப் பெட்டி பதினாலு கிலோ காட்டியது. சில நாளில் முப்பதைத் தாண்டியது. அவன் ஏறினால் மட்டும் அறுபத்தெட்டு.

கடையின் கண்ணாடிக் கதவு, ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவு, அவனுக்குத் திறக்கவில்லை. பின்னால் ஒரு பெண் வந்த பிறகுதான் திறந்தது. மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. அவன் படுத்தால் மெத்தை அமுங்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த மனைவி கண்ணைத் திறந்து, “எப்ப வந்தீங்க? ஆள் வந்ததே தெரியலையே” என்றாள். அதற்குப் பிறகு அவள் நெடுநேரம் அவன் படுத்திருந்த பக்கம் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள், மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறவள்போல. அவள் கை அவன் மார்பின் மேல்தான் இருந்தது.

அந்தப் பெயரில் எழுதத் தொடங்கியதிலிருந்துதான் இப்படி என்று அவனுக்குப் பட்டது. எழுதுவதை நிறுத்திவிட முடிவு செய்தான்.

அவன் நிறுத்தினான். ஒன்பதாவது ஆள் நிறுத்தவில்லை.

அடுத்த நாள் பிற்பகல் அந்தப் பக்கத்தைத் திறந்தவன் வீட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் எழுதாத ஒன்று. அவன் எழுதுகிற மாதிரியே, அதே பொறுமையோடு, அதே நிதானத்தோடு. ‘இரண்டாவது லிஃப்டின் பிரேக்கை நேற்று மாற்றிவிட்டார்கள். நானே பார்த்தேன். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இனிப் படி ஏற வேண்டாம். தைரியமாக ஏறுங்கள். உள்ளே இடம் இருக்கிறது.’

கீழே நன்றி மேல் நன்றி.

அழித்துவிடப் பார்த்தான். முகத்தைக் காட்டச் சொன்னது போன். காட்டினான். ‘இந்த முகம் பதிவில் இல்லை.’ சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்குப் போய் மறுபடி காட்டினான். ‘இந்த முகம் பதிவில் இல்லை.’ கடைசியில் தன் சொந்தப் பெயரில் எழுதினான்: ‘யாரும் ஏறாதீர்கள். பிரேக் மாற்றவில்லை. நான்தான் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பதாவது ஆள் என்ற பெயரில் எழுதியவனும் நான்தான்.’

‘நீ யாருப்பா?’

‘அவர் பேரைத் திருடாதே. வெக்கமா இல்ல?’

‘மெக்கானிக்கா? அப்படி ஒரு ஆளை இந்தக் கட்டடத்துல நான் பாத்ததே இல்லையே.’

கடைசியாக எழுதியது காவலாளி.

மனைவிக்குப் போன் செய்தான். மணி அடித்தது. எடுத்தாள். “ஹலோ... ஹலோ? யாருங்க?” அவன் கத்தினான். “ஒண்ணும் கேக்கல” என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மருத்துவமனை அடைக்கும் நேரம். வெளியே வெயில் மஞ்சளாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

அவன் ஓடினான். தெருவில் யாரும் விலகவில்லை. யாரும் இடிக்கவும் இல்லை. காவலாளிக்கு எதிரே போய் நின்று, “அண்ணே, அந்த லிஃப்ட நிறுத்துங்க!” என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். அவர் தோளில் ஏதோ ஊர்வதுபோல் தட்டிவிட்டுக்கொண்டார். மூன்று மூன்று படியாகத் தாவினான். மூச்சு வாங்கவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. உடம்பு பஞ்சாக இருந்தது.

மெஷின் ரூம். சூடான இரும்பு வாடை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் 252. பெட்டிக்குள்ளிருந்து இன்டர்காம் வழியாகப் பேச்சுச் சத்தம்: பல் டாக்டரின் குரல், மரத்துப்போன வாயோடு ஒரு நோயாளியின் முனகல், அவன் மனைவியின் சிரிப்பு.

மூன்று பேர். மூன்று பேருக்கு இருநூற்று நாலு. மீதி?

யோசிக்க நேரமில்லை. அவன் கை தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தியது. எத்தனையோ வருடப் பழக்கம்: ஆபத்து என்றால் முதலில் மின்சாரத்தை நிறுத்து.

மோட்டார் நின்றது; பேட்டரியில் ஓடும் திரையும் இன்டர்காமும் மட்டும் நிற்கவில்லை. நின்ற பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நேரமும் பெட்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது மோட்டார். இப்போது தாங்க வேண்டியது பிரேக். இல்லாத பிரேக்.

கட்டைகள் சக்கரத்தைக் கவ்வின. கிரீச்சிட்டன. புகைந்தன. வழுக்கின.

சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. மெதுவாக. மூன்று பேர் ஏறிய பெட்டிக்குப் போதுமான கனம் இல்லை. மறுமுனையில் எதிர் எடை கீழே போக, பெட்டி மேலே வந்தது. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றைவிடக் கொஞ்சம் வேகம். மேலே கான்கிரீட். மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தாலும் இயந்திரத்துக்கு உயிர் வரச் சில நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லை.

சக்கரத்தைக் கையால் பிடித்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. சக்கரத்துக்கு அவன் பிடித்ததே தெரியவில்லை.

“யாராவது இருக்கீங்களா?” இன்டர்காமில் மனைவியின் குரல். சிரிப்பு போயிருந்தது. “லைட் போயிடுச்சு. லிஃப்ட் தானா மேல போகுது. யாராவது இருக்கீங்களா?”

இன்டர்காமில் வாயை வைத்தான். “நான்தான். பயப்படாத.”

“யாரு? சரியா கேக்கல. யாரு பேசறது?”

அவன் தன் பெயரைச் சொன்னான்.

அவள் கேட்டுவிட்டாள். “என்னங்க! நீங்களா?” என்றாள். அந்தக் கணம் அவன் காலுக்கடியில் தரை வந்தது. இத்தனை நாள் கழித்துச் செருப்பு சிமென்டில் அழுந்தியது. நெஞ்சில் மூச்சு கனத்தது. உரிந்த உள்ளங்கை எரிந்தது. அழத் தோன்றியது, அவ்வளவு சுகம் அந்த எரிச்சல்.

சக்கரம் துள்ளிக்கொண்டு வேகமெடுத்தது. அவள் அலறினாள்.

திரையைப் பார்த்தான். 252 இல்லை. 231.

“என்னங்க, வேகமா போகுதுங்க! பேசுங்க! நீங்கதானே?”

அவன் வாயை மூடிக்கொண்டான். கைகால் மறுபடி லேசானது. 238. 246. 252. சக்கரத்தின் வேகம் குறைந்தது. நிற்கவில்லை.

காலிப் பெட்டியும் நாலு ஆளும். அவனே எழுதியதுதான். நாலு ஆள் என்றால் இருநூற்று எழுபத்திரண்டு. இன்னும் இருபது வேண்டும். அவனிடம் மிச்சம் இருந்தது அந்த இருபதுதான்.

“சொல்லுங்களேன்.” அவள் அழுதுகொண்டிருந்தாள். “உங்க குரல்தானே அது? பேரச் சொல்லுங்க. ஒரு தரம் சொல்லுங்க, எனக்குத் தைரியமா இருக்கும்.”

கடைசி மாடியைப் பெட்டி தாண்டும் சத்தம் கேட்டது. கம்பிவடம் நடுங்கியது.

“இல்லம்மா” என்றான். “நீங்க நினைக்கற ஆள் இல்ல.”

261.

“அப்ப யாரு? எங்க வீட்டுக்காரர் குரல் மாதிரியே...”

“உங்க வீட்டுக்காரர எனக்குத் தெரியாது.”

267. நாக்கு மரத்தது. கையைப் பார்த்தான். கைக்குப் பின்னால் இருந்த சக்கரத்தின் பல் தெரிந்தது.

“யாருங்க நீங்க?”

“ஒன்பதாவது ஆள்.”

272.

சக்கரம் நின்றது. சாய்ந்த வெயில் ஜன்னல் வழியாக வந்து, யாரும் நிற்காத தரையில் விழுந்தது.

இருட்டு. கிரீஸ் வாடை. தோளுக்குத் தோள் மூன்று பேரின் சூடு. அவன் பெட்டிக்குள் இருந்தான், மனைவிக்குப் பின்னால், கண்ணாடியை ஒட்டி. அவள் கூந்தல் எண்ணெய் மணத்தது. டாக்டரின் செல்போன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டது. அதில் மூன்று முகங்கள்.

“அவரா? ஒன்பதாவது ஆளா?” என்றார் டாக்டர். “நல்ல வேளை.”

“ஆமா” என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு சட்டென்று கழுத்தைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். நேராக அவன் கண்ணுக்குள். “யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு.”

அவர்களைப் பத்திரமாக இறக்கினார்கள். அவன் கதவு வரை போனான். கதவைத் தாண்டிக் கால் வைக்க முடியவில்லை. காலுக்கு அங்கே தரை இல்லை.

மச்சான் அந்த வாரமே புது பிரேக் போட்டுவிட்டார். புது மெக்கானிக் ஒருவன் பெட்டிக்குள் மண்டியிட்டுத் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் மனைவி நின்றாள், ஏறுகிறவர்களிடம் ஒரு போட்டோவை நீட்டிக்கொண்டு. ஒவ்வொருவரும் குனிந்து பார்த்தார்கள். இப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை என்றார்கள். மச்சானும் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “இது யாரும்மா?” என்றார்.

அவன் கத்தினான். கத்தக் கத்த, கண்ணாடியில் ஒரு மூலை மட்டும் லேசாக ஆவி படிந்து மறைந்தது.

எல்லாருடைய போனும் ஒன்றாகச் சிணுங்கியது. ஒன்பதாவது ஆள் எழுதியிருந்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். அவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். அவன் எழுதவில்லை அதை. ‘சொந்தப் பெயரில் எழுதப் பயமா? பெயரை எடுத்துவிடுங்கள். இங்கே இன்னும் இடம் இருக்கிறது.’ கீழே, புதுப் புதுப் பெயர்களில் பதில்கள் வர ஆரம்பித்திருந்தன.

“சார், இது எனக்குப் புரியல” என்றான் புது மெக்கானிக். “எல்லாம் துடைச்சிட்டேன், பூஜ்யமும் பண்ணிட்டேன். காலியா இருக்கறப்ப அறுபத்தெட்டு காட்டுது. கருவி போயிடுச்சு போல.”

கருவி போகவில்லை. முதல் நாளே அது சரியாகத்தான் சொன்னது. பெயர் இல்லாமல் எழுதிய ஆறு கிலோ ஏற்கெனவே உள்ளே இருந்தது. அவன் ஏறியபோது மீதி அறுபத்திரண்டு ஏறியது. மொத்தம் அறுபத்தெட்டு. இப்போது மொத்தமும் உள்ளே இருக்கிறது.